லூபெக் நகரின் ஹோல்ஸ்டன் வாயில்: புறமுகமும் அகமுகமும்

திருமறையை ஊன்றிப் படிப்போருக்கு நகரவாயில் என்பது வெறும் கதவு அன்று. போவாஸ் மூப்பர் பதின்மரை அமரச்செய்து ரூத்தின் காரியத்தை முடித்தது பட்டணவாசலில்தான். ஏழையின் வழக்கு புரட்டப்படுவதை ஆமோஸ் கடிந்துரைத்ததும் வாசலில் கூடிய நியாயசபையைக் குறித்தே. நம் பழைய தமிழ் வேதாகமம் 'ஒலிமுகவாசல்' என்னும் அரிய சொல்லை இதற்கு ஆள்கின்றது. கேசேர், ஆத்சோர், மெகிதோ ஆகிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழம்பெரும் வாயில்களில் வழியின் இருபுறமும் மும்மூன்றாக ஆறு அறைகள் இருந்ததை நாம் அறிவோம். காவலும் கூட்டமும் ஒரே இடத்தில் நிகழ இடமளித்த அமைப்பு அது.

ஆகவே நகரவாயிலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. புறத்தே பகைவனைத் தடுப்பது ஒன்று. அகத்தே குடிமக்களுக்குப் பொதுவிடமாக நிற்பது மற்றொன்று. இவ்விரு கடமைகளும் ஒரு கட்டடத்தில் எவ்வாறு இடம் பெறுகின்றன என்பதை அறிய, இடைக்கால ஐரோப்பாவின் வாயில்களுள் ஒன்றை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். அது வட ஜெர்மனியில் லூபெக் நகரின் மேற்கே நிற்கும் ஹோல்ஸ்டன் வாயில். 1464 முதல் 1478 வரை கட்டப்பட்டு, இன்றும் நிலைத்து நிற்கின்றது.

1. நகரும் நிலமும்

லூபெக் நகரை 1143ஆம் ஆண்டில் ஹோல்ஸ்டைன் பிரபு இரண்டாம் அடால்ஃப் நிறுவினார். தீக்கிரையான அந்நகரை 1159இல் சாக்சனி கோமகன் சிங்க ஹென்றி மீண்டும் எழுப்பினார். 1226இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் வழங்கிய பட்டயத்தால் அது பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. இடையே எந்தச் சிற்றரசனும் இல்லை. நகரமன்றமே ஆட்சி, வணிகரே மன்றத்தார். பால்டிக் கடல் வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த ஹான்சா நகரக் கூட்டணிக்கு லூபெக் தலைமை தாங்கிற்று.

நகரின் நிலவமைப்பு அரணுக்கு ஏற்றது. மேற்கே திராவே ஆறும் கிழக்கே வாக்கெனிட்ஸ் ஆறும் சூழ, முட்டை வடிவான மேட்டில் நகர் அமைந்திருந்தது. வடக்கே மட்டும் நிலத்தோடு இயற்கையான தொடர்பு இருந்தது. அங்குக் கோட்டைவாயில் எனப் பொருள்படும் புர்க் வாயில் நின்றது. தெற்கே மில் வாயில், கிழக்கே ஹுக்ஸ்டர் வாயில், மேற்கே ஹோல்ஸ்டைன் நாட்டை நோக்கிச் செல்லும் சாலையில் ஹோல்ஸ்டன் வாயில் என, நிலவழியாக வருவோருக்கு நான்கு நுழைவிடங்கள் இருந்தன.

இவற்றுள் மேற்கு வாயில் செல்வத்தின் வழியில் நின்றது. லூனெபுர்க் நகரின் உப்பு, 1398இல் முடிவுற்ற ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் வழியாகப் படகுகளில் லூபெக் வந்து சேரும். அங்கிருந்து கப்பலேறி ஸ்கேனியாக் கரையின் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தச் செல்லும். இறைச்சி விலக்கப்பட்ட நோன்பு நாள்கள் மிகுந்திருந்த அக்கால ஐரோப்பாவில் உப்பிட்ட மீனின் தேவை பெரிது. இன்றும் வாயிலின் அருகே ஆற்றோரம் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட உப்புக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன.

2. கட்டடத்தின் அமைப்பு

15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வலிமை பெற்றது. பழைய மதில்களும் கோபுரங்களும் அதற்கு ஈடுகொடுக்க மாட்டா என்பதை நகரத்தார் உணர்ந்தனர். 1444இல் வடக்கே புர்க் வாயில் உயர்த்திக் கட்டப்பட்டது. அதன்பின் 1464இல் நகரக் கட்டடத் தலைவர் ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டெடெ மேற்கு வாயிலைப் புதிதாக எழுப்பத் தொடங்கினார்.

கட்டடம் முழுவதும் செங்கல்லே. பால்டிக் கடலோரச் சமவெளியில் கட்டுமானத்துக்கேற்ற கற்பாறை அரிது, களிமண்ணோ மிகுதி. ஆகவே கோதிக் கலை அங்குச் செங்கல்லில் உருப்பெற்றது. செந்நிறக் கற்களும் கறுப்புப் பூச்சிட்டுச் சுட்ட கற்களும் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பது இவ்வாயிலின் அழகுகளுள் ஒன்று.

தெற்கிலும் வடக்கிலும் இரண்டு வட்டக் கோபுரங்கள், இடையே நடுக்கட்டடம். மூன்றும் நான்கு தளங்கள் உடையவை. நடுக்கட்டடத்தின் தரைத்தளம் மட்டும் வளைவுடன் கூடிய வழியாகத் திறந்திருக்கின்றது. கோபுரங்களின் மேல் உயர்ந்த கூம்புக் கூரைகள். சுவரைச் சுற்றி இரண்டு பட்டைகளாகச் சுடுமண் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. நான்கு அல்லிமலர்கள், பின்னல் வேலைப்பாடு, நான்கு முள்ளிலைகள் ஆகிய மூன்று வடிவங்களே திரும்பத்திரும்ப வருகின்றன. இடையிடையே நகரின் கழுகுச் சின்னமும் மர உருவும் கேடயங்களில் தோன்றுகின்றன.

ஒவ்வொரு கோபுரத்திலும் தரைத்தளத்திலும் அதற்கு மேலுள்ள இரு தளங்களிலும் பீரங்கி அறைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் வாய்கள் மேற்கை, அதாவது வெளிப்புறத்தை நோக்கின. வழிக்கு மேலே சிறு துப்பாக்கிகளுக்கான பிளவுகளும் உண்டு. நுழைவழியில் முற்காலத்தில் இருந்த ஓர் ஏற்பாடு தனியே குறிப்பிடத்தக்கது. மேலிருந்து விழும் தடுப்பு ஒரே சட்டமாக இல்லாமல், தனித்தனி இரும்புக் கம்பிகளாக அமைந்திருந்தது. ஆபத்துக் காலத்தில் எல்லாக் கம்பிகளையும் இறக்கி, ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திவைக்க முடியும். வெளியே அகப்பட்டுக்கொண்ட நகரத்தார் அவ்விடைவெளியில் நுழைந்தபின் அவற்றையும் விடுவிப்பர். அடைக்கும் வேளையிலும் தம்மவருள் கடைசியாக வருபவனை மறவாத ஏற்பாடு இது.

3. மெல்லிய சுவர்

இவ்வாயிலின் தனிச்சிறப்பு அதன் இரு முகங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கின்றது. மேற்கே வெளிநிலத்தை நோக்கும் சுவரின் கனம் மூன்றரை மீட்டருக்கும் மேற்பட்டது. கிழக்கே நகரை நோக்கும் சுவரோ ஒரு மீட்டருக்கும் குறைந்தது. வெளிமுகத்தில் சிறு துளைகளே உண்டு. நகர்முகத்தில் சாளரங்கள் வரிசை வரிசையாகத் திறந்திருக்கின்றன. மேற்கிலிருந்து வருபவன் கோட்டையைக் காண்கின்றான். கிழக்கிலிருந்து நோக்குபவன் ஏறத்தாழ ஒரு மாளிகையைக் காண்கின்றான்.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. நகர்ப்பக்கமிருந்து தாக்குதல் எதிர்பார்க்கப்படவில்லை. அங்குக் கனத்த சுவர் வீண்செலவு. இவ்விளக்கம் சரியானதே, ஆயினும் முழுமையானது அன்று. அறிஞர் பிறிதொரு காரணத்தையும் எடுத்துக்காட்டுவர். இத்துணை வலிய அரணைக் காக்கும் தளபதியே நகருக்கு எதிராகத் திரும்பினால் என்ன செய்வது? உட்புறச் சுவர் மெலிந்திருந்தால் நகரத்தார் அதனை உள்ளிருந்து எளிதில் தகர்க்கலாம். அவ்வகையில், காவலனுக்குக் கொடுத்த வலிமை நகரத்தாருக்கு எதிராகப் பயன்படாதபடி மெல்லிய சுவர் ஓர் எல்லையிட்டது.

லூபெக் நகரத்தாருக்கு இவ்வச்சம் புதிதன்று. 1384இல் இறைச்சி வணிகர் நகரமன்றத்துக்கு எதிராகச் செய்த சதி வெளிப்பட்டுக் கொடிய தண்டனைகளில் முடிந்தது. 1408இல் வரிச்சுமையால் மூண்ட கிளர்ச்சியில் பழைய மன்றம் கலைந்தது; மன்றத்தாருள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். புதிய மன்றம் ஆண்டது. நகர் பேரரசின் விலக்குத் தண்டனைக்கு ஆளாயிற்று. 1416இல்தான் பழைய மன்றம் திரும்பிற்று. ஹெல்ம்ஸ்டெடெ அடித்தளமிட்டது இதற்கு 48 ஆண்டுகளுக்குப் பின்னரே. நகர் விழுவது மதிலுக்கு வெளியே நிற்பவனால் மட்டும் அன்று என்பதை அத்தலைமுறை நன்கு அறிந்திருந்தது.

4. எழுத்துகளும் அவற்றின் வயதும்

இன்று வெளிமுகத்தில் நுழைவளைவின் மேல் பொன்னெழுத்துகளில் ஓர் இலத்தீன் வாசகம் காணப்படுகின்றது: 'கோன்கோர்தியா தோமி ஃபோரிஸ் பாக்ஸ்'. 'உள்ளே ஒருமனம், வெளியே சமாதானம்' என்பது அதன் பொருள். நகர்முகத்தில் 1477, 1871 என்னும் ஆண்டுகளுக்கு இடையே நான்கு எழுத்துகள் உள்ளன. 'லூபெக்கின் மன்றமும் மக்களும்' என விரியும் சுருக்கம் அது. உரோமாபுரியின் புகழ்பெற்ற சுருக்கத்தைப் பின்பற்றியது என்பது வெளிப்படை.

இவ்வெழுத்துகளைக் கண்டவுடன் இடைக்கால நகரத்தாரின் குரலைக் கேட்டோம் என நாம் எண்ணிவிடலாகாது. இரண்டும் 1871இல் பொறிக்கப்பட்டவை. உரோமப் பாணியிலான சுருக்கம் அதற்குமுன் இவ்வாயிலில் இருந்ததில்லை. 1477 என்னும் ஆண்டும் கட்டடம் முடிந்த ஆண்டைப் பற்றிய அக்காலக் கருத்தே. வேலை முடிந்தது 1478இல் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. சுடுமண் பலகைகளில் பலவும் 19ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டவை. இன்று வழியில் தொங்கும் இரும்புத் தடுப்போ 1934இல் வைக்கப்பட்டது. முன்னர்க் கூறிய தனிக்கம்பி அமைப்பை அது ஒத்ததன்று. மூலபாட ஆராய்ச்சியில் பழகிய இறையியல் மாணவர்க்கு இது வியப்பளிக்காது. பழைய ஏட்டில் பிற்காலக் கை புகுவதுபோலப் பழைய சுவரிலும் புகும். கல்லில் இருப்பது யாவும் கல்லின் வயதுடையது அன்று.

எனினும் அவ்வாசகம் வெறும் கற்பனையும் அன்று. அதன் மூலம் வேறொரு வாயிலில் இருந்தது. நாம் பேசும் வாயில் ஒருகாலத்தில் தனியே நிற்கவில்லை. ஆற்றின் நகர்க்கரையில் உள்வாயில் ஒன்று இருந்தது. நம் வாயிலுக்கு மேற்கே 1585இல் புறவாயில் ஒன்றும், அதற்கும் அப்பால் 1621இல் மற்றொன்றும் எழுந்தன. மேற்கிலிருந்து வருபவன் நான்கு வாயில்களைக் கடந்தே நகரில் கால்வைப்பான். உள்ளே ஒருமனமும் வெளியே சமாதானமும் இருப்பதே யாவற்றினும் அழகியது என்னும் கருத்துடைய நீண்ட வாசகம் 1585ஆம் ஆண்டின் புறவாயிலில் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் சுருக்கமே 1871இல் நம் வாயிலில் இடம்பெற்றது.

1585ஆம் ஆண்டுத் தலைமுறைக்கு ஒருமனம் அலங்காரச் சொல் அன்று. சீர்திருத்த இயக்கம் லூபெக்கில் அமைதியாக நுழையவில்லை. மன்றத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது, நற்செய்திப் போதகர்களை அனுமதித்தால் வரிக்கு இசைவோம் எனக் குடிமக்கள் நின்றனர். அவர்கள் சார்பில் அறுபத்துநால்வர் குழு அமைந்தது. 1530இல் விட்டன்பெர்க்கிலிருந்து யோகான் புகன்ஹாகன் வந்து, 1531இல் நகருக்குத் திருச்சபை ஒழுங்கை வகுத்தளித்தார். 1533இல் அக்குழுவின் தலைவர்களுள் ஒருவரான யூர்கன் வுல்லன்வேவர் நகரத் தலைவரானார். டென்மார்க்கின் அரசுரிமைப் போரில் நகரை அவர் ஈடுபடுத்த, அம்முயற்சி தோற்றது. 1535இல் பதவியிழந்த அவர் 1537இல் கொலைத்தண்டனை பெற்றார். இக்காலத்தைத் தந்தையர் வாயிலாகக் கேட்டறிந்தவர்களே 1585இன் வாசகத்தை வாசித்தனர். வாசகத்தில் சமாதானத்துக்கு முன் ஒருமனம் நிற்பதை அவர்கள் கவனியாமல் இருந்திருக்க முடியாது என நாம் கருதுகின்றோம்.

5. உள்ளிருந்து வந்த இடர்கள்

வாயிலின் பிற்கால வரலாற்றை நோக்குவோர் ஒன்றைக் காண்பர். மூன்றரை மீட்டர் சுவரும் பீரங்கி அறைகளும் எந்தப் பகைவனுக்காகக் கட்டப்பட்டனவோ, அவன் இவ்வழியே வரவில்லை. இவ்வாயிலின் பீரங்கிகள் எந்தப் போரிலும் முழங்கியதாகச் செய்தி இல்லை. 1806 நவம்பர் 6இல், நடுநிலை காத்த லூபெக்கில் பிரஷ்யத் தளபதி புளூச்சர் புகுந்துகொண்டதால் நெப்போலியனின் படைகள் நகரைத் தாக்கின. அப்போதும் பெர்னடோட்டின் வீரர்கள் வடக்கே புர்க் வாயில் வழியாகவே பாய்ந்து நுழைந்தனர். நகர் கொள்ளையிடப்பட்டது. மேற்கின் வலிய வாயில் அதற்குச் சாட்சியாக நின்றது, அவ்வளவே.

ஹோல்ஸ்டன் வாயிலுக்கு வந்த இடர்கள் யாவும் வேறு திசையிலிருந்து வந்தன. முதல் இடர் அதன் அடியில் இருந்தது. சதுப்பு நிலத்தில் மண்மேடு உயர்த்தி அதன்மேல் கட்டடம் எழுப்பப்பட்டது. கட்டும்போதே தெற்குக் கோபுரம் அமிழத் தொடங்கிற்று. சாய்வை ஈடுசெய்ய அப்போதே முயன்றனர். நூற்றாண்டுகளில் கட்டடம் மேலும் இறங்க, தரைத்தளப் பீரங்கி வாய்கள் மண்ணுக்குக் கீழே போயின. இன்றும் இரு கோபுரங்களும் ஒன்றன்பால் ஒன்று சாய்ந்திருப்பதைக் காணலாம்.

இரண்டாம் இடர் குடிமக்களிடமிருந்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் வளர்ச்சிக்குத் தடையெனப்பட்டன. 1621ஆம் ஆண்டு வாயில் 1808இலும், ஆற்றோர உள்வாயில் 1828இலும் இடிக்கப்பட்டன. 1851இல் இருப்புப்பாதை லூபெக்கை எட்டிற்று. அதன் தேவைக்கு இடம் விடும்படி 1853இல் 1585ஆம் ஆண்டின் அழகிய புறவாயிலும் போயிற்று. அதனோடு சமாதான வாசகமும் மண்ணாயிற்று. எஞ்சிய ஒன்றையும் அகற்றவேண்டும் என 1855இல் குடிமக்கள் 683 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். பழுதுற்றுச் சாய்ந்த அக்கட்டடத்தைக் காக்க வேண்டும் என்போரும் எழுந்தனர். நெடுநாள் விவாதத்துக்குப் பின் 1863இல் குடிமக்கள் மன்றம் வாக்கெடுத்தது. இடிக்காமல் செப்பனிடுவது என்பது ஒரே ஒரு வாக்கு மிகுதியால் தீர்மானமாயிற்று. அச்செப்பனிடும் பணி முடிவுற்றதே 1871இல்.

மூன்றாம் இடர் மிகவும் நுட்பமானது. 1933-34இல் நாஜி ஆட்சியில் கோபுரங்கள் இரும்பாலும் காங்கிரீட்டாலும் கட்டி நிறுத்தப்பட்டன. கட்டடம் உறுதி பெற்றது. அதே வேளையில் உட்புறம் அவ்வாட்சியின் புகழ்பாடும் 'பெருமை மண்டபம்' ஆக்கப்பட்டது. கல்லைக் காத்தவர்கள் அதன் சொல்லை அழித்தார்கள் எனலாம். வெளிமுகத்தில் ஒருமனமும் சமாதானமும் பொன்னெழுத்தில் இருக்க, உள்ளே அவற்றுக்கு எதிரானது குடியேறிற்று. 1937இல் அவ்வாட்சியின் சட்டத்தால் லூபெக் தன் 711 ஆண்டுச் சுதந்திரத்தையும் இழந்து பிரஷ்யாவுடன் இணைக்கப்பட்டது.

1942 மார்ச் 28ஆம் நாள் இரவு, குருத்தோலை ஞாயிறு விடியுமுன், பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக்கின் மேல் குண்டு பொழிந்தன. மரியன்னை ஆலயம், பேராலயம், புனித பேதுரு ஆலயம் ஆகியவை எரிந்தன. ஹோல்ஸ்டன் வாயில் தப்பிற்று. மறுநாள் காலை லூத்தர் ஆலயத்தில் பிரசங்கித்த போதகர் கார்ல் ஃபிரெடரிக் ஸ்டெல்பிரிங்க், அவ்வழிவில் தேவனுடைய குரலைக் கேட்கும்படி சபையாருக்கு உரைத்தார். ஒருகாலத்தில் நாஜிக் கட்சியிலேயே இருந்து, பின்னர் அதன் பொய்யை உணர்ந்தவர் அவர். ஏப்ரலில் அவர் கைதானார். அதே நகரின் கத்தோலிக்கக் குருக்கள் யோகானஸ் பிராசெக், ஹெர்மன் லாங்கெ, எடுவார்ட் முல்லர் ஆகியோரும் கைதாயினர். சீர்திருத்த காலம்முதல் பிரிந்து நின்ற இரு சபைகளின் ஊழியர்கள் நால்வரும் 1943 நவம்பர் 10ஆம் நாள் ஹாம்பர்க்கில் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். ஸ்டெல்பிரிங்கை அவருடைய சொந்தத் திருச்சபை பணிநீக்கம் செய்திருந்தது. அவருடைய மதிப்பை முறைப்படி மீட்டுக்கொடுத்தது 1993இல்தான். வாயிலில் எழுதப்பட்டிருந்த ஒருமனத்தை அந்நாளில் நகரில் தேடுவோர், அந்நால்வரிடமே அதைக் கண்டிருப்பர்.

6. முடிவுரை

போருக்குப் பின் வாயில் நகர வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. மேற்கு ஜெர்மனியின் 50 மார்க் பணத்தாளில் அதன் உருவம் நெடுநாள் இடம்பெற்றது. 1987இல் லூபெக்கின் பழைய நகர் உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005-06இல் வாயில் மீண்டும் செப்பனிடப்பட்டது. 2006இல் வெளியான 2 யூரோ நாணயத்திலும் அதைக் காணலாம். ஒரு வாக்கால் உயிர்பிழைத்த கட்டடமே இன்று அந்நகரின் அடையாளம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? வெளிப்பகையை எண்ணி மூன்றரை மீட்டர் கனத்தில் சுவர் எழுப்பினர். இடரோ அடிநிலத்திலிருந்தும், சொந்தக் குடிமக்களின் அலட்சியத்திலிருந்தும், உள்ளே வந்தமர்ந்த ஆட்சியிலிருந்தும் எழுந்தது. ஹெல்ம்ஸ்டெடெ தன் காலத்து அறிவைக் கொண்டு இதில் ஒரு பகுதியை முன்னுணர்ந்தே நகர்முகத்தை மெலிதாக அமைத்தார் எனலாம். தம்மவரை நோக்கும் பக்கத்தில் கனத்த சுவர் எழுப்பினால், காவலன் யாரைக் காக்கின்றான் என்பது ஐயத்துக்கு இடமாகிவிடும்.

திருச்சபையின் ஊழியர்களாகிய நாமும் ஒருவகையில் வாயில் காப்போரே. சபையின் உபதேசத்தையும் ஒழுங்கையும் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. அதற்குரிய உறுதியும் வேண்டும். ஆயினும் அவ்வுறுதி எந்தப் பக்கத்தை நோக்குகின்றது என்பதை நாம் அடிக்கடி ஆராய்தல் நலம். சபையாரை நோக்கும் முகத்தில் சாளரங்கள் திறந்திருக்கின்றனவா? நாம் தவறும்போது அவர்கள் நம்மைத் திருத்த இடம் உண்டா? அடைக்கும் வேளையில், இன்னும் வந்துசேராத கடைசி ஆளுக்காக ஒரு கம்பியையேனும் உயர்த்தி வைத்திருக்கின்றோமா? லூபெக்கின் செங்கற்கள் இக்கேள்விகளை நம்முன் வைக்கின்றன. விடை நம்முடைய சபைகளின் வாசலில் தேடவேண்டியது.